எதிர் நாற்காலி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அன்று அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரச் சொன்னது யார் என்பதற்கு எங்கள் வீட்டில் மூன்று பதில்கள் இருந்தன. அவளாகவே முன்வந்தாள் என்பாள் அக்கா. அக்காதான் கையைப் பிடித்து அழைத்திருப்பாள் என்பாள் என் மனைவி. எனக்கோ, அக்காவிடம் பயிற்சி எடுத்த பேங்க்காரர் நாற்காலியின் முதுகைத் தட்டி, "இங்க வாங்க தங்கச்சி" என்று சொன்னதுபோல ஒரு காட்சி இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நான் ஸ்டோர் அறைக்குள் இருந்தேன். பார்த்திருக்க முடியாது. பார்க்காத ஒன்று இவ்வளவு தெளிவாக நினைவில் இருப்பதால், பார்த்தவற்றின் மேலும் நம்பிக்கை போய்விட்டது.

அக்கா என் உடன்பிறந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளிநாடுகளிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் மத்தியில் கிறிஸ்தவ ஊழியம் செய்வதற்குப் புதிய ஊழியர்களைப் பயிற்றுவிப்பதுதான் அவள் வேலை. அவளே ஒரு காலத்தில் அப்படிப் படிக்கப் போனவள். ஒரு குளிர்காலம் முழுக்க யாரும் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லையாம். ஒருநாள் ஒரு வயதான அம்மாள் தன் வீட்டுக் கதவைத் திறந்து, உள்ளே வா, வெளியே நிற்காதே என்றாளாம். அக்கா அதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் உடையும். அது நடிப்பு இல்லை. அவள் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவளிடம் எனக்கு எத்தனையோ கோபங்கள் உண்டு, ஆனால் அந்தக் குரலை நான் சந்தேகப்பட்டதில்லை.

பயிற்சி நடந்தது, அவரவரே இயந்திரத்தில் துணி துவைத்து எடுத்துப்போகும் ஒரு சலவைக்கடையின் மாடியில். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்கள் ஓடும்போது தரை மெல்ல அதிரும். செருப்பில்லாமல் நின்றால் பாதத்தில் சூடு தெரியும். பேங்க்காரர் அதைப் பற்றி வாராவாரம் ஏதாவது சொல்வார். "சோப்பு வாசனையில ஜெபம் பண்ற ஒரே ஊழியம் நம்மளுதுதான். பாவம் வெளுக்கலைன்னா கீழ போய்க் கேட்டுக்கலாம்." பல வருஷம் வங்கியில் கணக்கராக இருந்து, கடவுளிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது என்று வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். அக்காவைவிட வயதில் பெரியவர். ஆனாலும் எல்லோரையும்போல அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். "என் பிறந்த வருஷத்தை மட்டும் யாரும் கேக்காதீங்க, அக்காவுக்கு சங்கடமா இருக்கும்" என்பார்.

என் மனைவிக்கு அந்தச் சங்கடம் வேறு விதம். அவள் பயிற்சியில் சேர்ந்த முதல் நாளே அக்கா சொல்லிவிட்டாள்: "இங்க நான் அண்ணி இல்லம்மா. அக்கா." அக்கா எங்களோடுதான் குடியிருந்தாள், இரண்டு அறை வீட்டில் முன்னறை அவளுக்கு. ஆகவே மாடியில் அக்கா, வீட்டில் அண்ணி. சாப்பிடும்போது அக்கா, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றால் இவள் கேட்பாள், "இதை அண்ணி சொல்றீங்களா, அக்கா சொல்றீங்களா? அக்கான்னா குறிச்சுக்கறேன்." அக்கா சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்தாள்.

நான் ஊழியக்காரன் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன். காலையிலிருந்து மாலை வரை ஒரு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, அடுத்தவர் பார்வைக்கு ஓரம் சீவும் வேலை. பேச்சுத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்தது. வாரத்தில் ஒருநாள் மாலை மாடிக்குப் போய் நாற்காலிகளைப் போட்டு எடுத்துக் கொடுப்பேன். அங்கே நடந்ததெல்லாம் நான் சுவரோரம் நின்று கேட்டதுதான்.

அக்காவின் முறை இதுதான். அறை நடுவில் கைப்பிடி இல்லாத இரண்டு நாற்காலிகள், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒன்றில் ஊழியர் உட்காருவார். மற்றதற்குப் பெயர் எதிர் நாற்காலி. அது மாணவருக்கு. பயிற்சியில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் அந்த வாரம் ஒரு வெளிநாட்டு மாணவரோடு உண்மையில் பேசியதைக் கொண்டுவர வேண்டும். பேசியவரே எதிர் நாற்காலியில் அந்த மாணவராக உட்கார்ந்து, அவர் பேசியதைப் பேச வேண்டும். இன்னொருவர் ஊழியராக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அக்கா கையில் ஒரு எவர்சில்வர் கரண்டி. மேஜையில் தட்டினால் நிறுத்த வேண்டும்.

"இங்க நிறுத்து. இது கதவு. பார்த்தியா?"

கதவு என்பது அக்காவின் சொல். ஒரு மாணவர் எதையோ பேசிக்கொண்டே போகும்போது உள்ளிருக்கும் வலி ஒரு நொடி எட்டிப் பார்க்கும் இடம். அதைக் கவனிக்கத் தெரிந்தவன்தான் ஊழியன் என்பாள். கதவைத் தள்ளக் கூடாது, தட்டக்கூடக் கூடாது, திறக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.

இன்னொரு விதி, மாணவர்களின் பெயர் அந்த அறைக்குள் வரக் கூடாது. ஊர், நாடு எதுவும் கூடாது. பட்டப்பெயர் வைத்துத்தான் பேச வேண்டும். பயிற்சி முடிந்து ஊழியராக உறுதி செய்யப்படும் வரை அந்த மாணவரை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யவும் கூடாது. நட்பு கூட்டமாகிவிடக் கூடாது என்பாள் அக்கா. நல்ல விதிதான். பேங்க்காரரின் மாணவனுக்குப் பெயர் பூனை, அவன் அறையில் திருட்டுத்தனமாகப் பூனை வளர்த்ததால். என் மனைவியின் மாணவிக்குப் பெயர் குடை. வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வரமாட்டாளாம். பிடி உடைந்து, அதில் நீல டேப் சுற்றியிருக்குமாம். சுற்றிக் கொடுத்தது இவள்தான்.

குடைக்கு மண் பரிசோதனையில் ஆராய்ச்சி. இவளுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. எந்த அமைப்பில் பயிற்சி எடுக்கிறேன் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டாள். "அப்ப என்னை மாத்தப் போறியா?" என்று அவள் கேட்க, இவள், "மாத்தினா முதல்ல உன் குடையைத்தான் மாத்துவேன்" என்றிருக்கிறாள். அதிலிருந்து இருவரும் வாரம் ஒருநாள் சலவைக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள். குடை அங்கேதான் துணி துவைப்பாள். நேர் மேலே எங்கள் அறை. அவள் ஒருநாளும் மேலே வந்ததில்லை.

என் மனைவி வாய் ஓயாதவள். பயிற்சியில் அதுதான் அவள் குறை. எதிரில் இருப்பவர், எங்கள் ஊரில் இப்போது மழைக்காலம் என்று சொன்னால், இவள் தன் பள்ளிக்கூடத்துக் காலத்து மழையை ஆரம்பித்துவிடுவாள். கரண்டி விழும்.

"அவ மழையைப் பத்திப் பேசலம்மா. வீட்டைப் பத்திப் பேசறா. அது கதவு. நீ கதவைச் சாத்திட்டு ஜன்னல்ல நின்னு உன் கதையைச் சொல்லிட்டிருக்கே."

"சும்மா இருந்தா அவ என்ன நினைப்பா அக்கா?"

"ஒண்ணும் நினைக்க மாட்டா. பேசுவா. உனக்குப் பயமா இருந்தா மனசுக்குள்ள எண்ணு. எண்ணிட்டே இரு. அவளா வாயைத் திறக்கற வரைக்கும் எண்ணு."

இவள் எண்ணிப் பழகினாள். வீட்டில் என்னோடு பழகினாள். நான் பொதுவாகவே பேசாதவன் என்பதால் அவளுக்கு நூறு, இருநூறு என்று போய்விடும். "உங்ககிட்ட எண்ணினா எனக்கு எண்ணே தீந்துடும்" என்று எழுந்து போய்விடுவாள். அவளை உறுதி செய்ய வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் என்பதால் தள்ளிவிட்டாள் என்ற பேச்சும் வரக் கூடாது, நாத்தனார் என்பதால் சேர்த்துக்கொண்டாள் என்ற பேச்சும் வரக் கூடாது என்று அக்கா தவித்தது எனக்குத் தெரியும். மற்றவர்களிடம் ஒரு முறை தட்டும் கரண்டி இவளிடம் இரண்டு முறை தட்டும்.

ஒருநாள் மாலை இவள் வீட்டுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குடையோட அம்மா செத்துட்டாங்களாம்."

"எப்போ?"

"ரெண்டு மாசமாச்சாம். அவளுக்கு யாரும் சொல்லல. ஆராய்ச்சி முடியற நேரம், படிப்பு கெட்டுடக் கூடாதுன்னு அவங்க அப்பா மறைக்கறார். பக்கத்து வீட்டுக்காரங்க தெரியாம ஒரு ஆறுதல் செய்தி அனுப்பிட்டாங்க. அதுல தெரிஞ்சுக்கிட்டா. ஆனா தெரிஞ்சதை அவ அப்பாகிட்ட சொல்லல."

"ஏன்?"

"அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கறாரேன்னு. வாராவாரம் போன்ல, அம்மாவுக்கு மருந்து குடுத்தீங்களான்னு இவ கேக்கறா. குடுத்தேன், தூங்கறாங்கறார் அவர். தொண்டை சரியில்ல, பேச முடியாதுங்கறார். சரி, எழுப்ப வேண்டாம்கறா இவ."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க." அவள் தன் கைகளையே பார்த்தாள். "அவ துணி சுத்தறதையே பார்த்துட்டு உக்காந்திருந்தோம். மெஷின் நின்னப்புறமும் எந்திரிக்கல. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டா. வேற யாரா இருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பாங்க, நீதான் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னா. வேற யார்கிட்டயும் சொல்லலையாம். எனக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு மட்டும்தான் தெரியும் என்று என்னிடம் சொன்னாள். கணவனிடம் சொல்வது சொன்ன கணக்கில் வராது என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த பயிற்சி நாளில், முடிவில் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக் குறிப்புகள் கேட்டபோது இவள் சொல்லிவிட்டாள். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பாரம் அவளால் தாங்க முடியவில்லை, கூட நாலு பேர் தாங்கட்டும் என்றுதான் சொன்னாள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு ஒருவர் ரகசியத்தை ஜெபமாகச் சொல்வது சொல்வதே இல்லை. கடவுளிடம் சொல்கிறோம், பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெயரும் சொல்லவில்லை. விதி மீறவில்லை.

அக்கா கேட்டாள்: "நீ என்ன சொன்னே அவகிட்ட?"

"ஒண்ணும் சொல்லல அக்கா."

"ஒண்ணுமே?"

"பேசாம இருந்தேன்."

அக்கா கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். இவள் நெற்றியில் முத்தமிட்டாள். "இதைத்தான்மா நான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன். உக்காரு. எதிர் நாற்காலியில உக்காரு. எல்லாரும் பாக்கட்டும்."

இவள் உட்கார்ந்தாள். குடையாகப் பேசினாள். அம்மாவுக்கு மருந்து குடுத்தீங்களா என்று போனில் கேட்பதுபோலக் கேட்டாள். பேங்க்காரர் எதிரில் ஊழியராக உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் இருந்தார். கரண்டி ஒரு முறைகூடத் தட்டவில்லை. எல்லோரும் அழுதார்கள். சலவைக்கடையின் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த வாரமே அவளை ஊழியராக உறுதி செய்யலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அன்று சாப்பாட்டில் இவள் கேட்டாள், "உப்பு எப்படி அண்ணி?"

"சரியா இருக்கு" என்றாள் அக்கா. "எல்லாமே சரியா இருக்கு."

பிறகு என்னிடம் மட்டும், பாத்திரம் துடைத்துக்கொண்டே இவள் சொன்னாள்: "குடை அன்னிக்கு அழவே இல்லைங்க. நான்தான் இன்னைக்கு அழுதேன். கொஞ்சம் நல்லாவே அழுதேன்." நான் பதில் சொல்லவில்லை. அவள் ஏதோ எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள்.

குடையின் கதை அக்காவுக்குப் பாடமாகிவிட்டது. வேறு குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களிலும் அதைச் சொன்னாள். மௌனத்தின் பாடம் என்று அதற்குப் பெயர். இரண்டு தடவை என் மனைவியே கூடப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை, அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் புதியவர்கள் சேரும் மாலையில், மாட்டேன் என்றாள்.

"ஏம்மா?"

"வேண்டாம் அக்கா. நான் டீ போடறேன். நிறையப் பேர் வராங்க."

"டீ யார் வேணா போடுவாங்க."

"குடையா யார் வேணா உக்காரலாமே" என்றாள் இவள். கோபத்தில் சொன்னதல்ல. வாய் தவறி வந்த பேச்சு.

அந்த மாலை வெளிநாட்டு மாணவர்களுக்கும் அழைப்பு இருந்தது. கீழே சலவைக்கடைக் கதவிலேயே சுவரொட்டி. மாடி நிறைந்துவிட்டது. நான் கூடுதல் நாற்காலிகள் எடுக்க ஸ்டோர் அறைக்குப் போனேன். மடித்து வைத்தவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தன, பிரிக்க நேரமாயிற்று. நான்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நடு அறையில் எதிர் நாற்காலியில் எனக்குத் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நிஜ மாணவி ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்தால் புதியவர்களுக்கு நன்றாகப் புரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் மூன்று கதைகள்.

அக்கா அவள்மேல் குனிந்து, எல்லோருக்கும் பொதுவான மொழியில், கனிவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உங்க அம்மா இறந்துட்டாங்க. அப்பா அதை உங்ககிட்ட மறைக்கறார். உங்களுக்குத் தெரியும், ஆனா தெரிஞ்ச மாதிரி நீங்க காட்டிக்கல. இதை உங்க சிநேகிதிகிட்ட முதல் தடவையா சொல்றீங்க. கஷ்டமா இருந்தா வேண்டாம். முடியுமா?"

அந்தப் பெண் அக்காவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"முடியும்" என்றாள்.

எதிரில் ஊழியராக உட்கார்ந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸ். அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். தாழ்ந்த குரல், ஏற்ற இறக்கமே இல்லை. ஆறுதல் செய்தி எப்படி வந்தது என்று சொன்னாள். அப்பா இப்போது போனில் இருமுவதுகூடப் பக்கத்து அறைக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல இருமுகிறார் என்றாள். பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாளாம், அதற்காக. இது எங்கள் பாடத்தில் இல்லாதது. என் மனைவி ஒருபோதும் சொல்லாதது. எனக்கு அப்போது புரியத் தொடங்கியது. வாசல் பக்கம் பார்த்தேன். சுவரில் ஒரு குடை சாய்ந்திருந்தது, பிடியில் நீல டேப்.

கரண்டி தட்டியது.

"இங்க நிறுத்துங்க." அக்கா நர்ஸைப் பார்த்துச் சொன்னாள். "இது கதவு. இப்ப நீ என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ணக் கூடாது. பேசாதே. கண்ணை எடுக்காதே. கையைத் தொடாதே, அவங்களா பிடிச்சா விடு. பயமா இருந்தா மனசுக்குள்ள எண்ணிட்டே இரு."

எதிர் நாற்காலியிலிருந்த பெண் திரும்பினாள். "இதையும் சொல்லிக் குடுப்பீங்களா?"

"இதைத்தான் முதல்ல சொல்லிக் குடுப்போம்" என்றாள் அக்கா. சந்தோஷமாகச் சொன்னாள்.

சமையல் மேடைப் பக்கத்திலிருந்து என் மனைவி டீத் தட்டோடு வந்தது அப்போதுதான். மூன்று எட்டு எடுத்து வைத்துவிட்டு நின்றாள். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பார்வையை நர்ஸின்மேல் திருப்பிக்கொண்டு, நர்ஸ் எண்ணி முடிக்கும் வரை காத்திருந்தாள். நர்ஸின் உதடு லேசாக அசைந்தது எனக்குத் தெரிந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்னு தோணலையா?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இன்னைக்குக் காலையில தோணுச்சு. ஆராய்ச்சியை ஏத்துக்கிட்டாங்க. இனிமே அவர் மறைக்க வேண்டியதில்ல. ராத்திரி கூப்பிட்டு, எனக்குத் தெரியும்ப்பா, இனி அழலாம்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒருத்திகிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அதான் அவ இருக்கற இடத்துக்கு வந்தேன்."

"என்னமா பண்றா பாருங்க" என்று அக்கா பேங்க்காரரின் காதில் சொன்னாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. யாரோ கை தட்ட ஆரம்பித்து, எல்லோரும் தட்டினார்கள். அந்தப் பெண் எழுந்து லேசாகத் தலை குனிந்தாள். வரும் வழியில் என் மனைவியின் தட்டிலிருந்து ஒரு டீயை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றாள், முன்பின் தெரியாதவரிடம் சொல்வதைப்போல. நின்றபடி குடித்தாள். கப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இவள் தட்டை என் கையில் திணித்துவிட்டுப் பின்னால் ஓடினாள். நான் படிக்கட்டின் மேல்முனையில் தட்டோடு நின்றேன்.

"நான் உன் பேரைச் சொல்லல" என்றாள் இவள்.

"ஆமா. பேரை மட்டும் சொல்லல."

"உனக்காக ஜெபிக்கணும்னுதான்..."

"நல்லாத்தான் ஜெபிச்சிருக்கீங்க. இருமறது ஒண்ணுதான் விட்டுப்போச்சு."

கீழே இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது.

"அன்னிக்கு நான் பேசாம உக்காந்திருந்தது பொய் இல்ல" என்றாள் இவள். "சத்தியமா பொய் இல்ல. எனக்குப் பேச வரல."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள்.

"எண்ணினியா?"

இவள் வாயைத் திறந்தாள், மூடினாள். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே அதிகம் பேசுகிறவள் என்று நான் நினைத்திருந்த பெண் அந்தப் படியில் பேச்சில்லாமல் நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லப் போறதில்ல" என்றாள் அந்தப் பெண். "அவர் நடிக்கறார்னு எனக்குத் தெரியும். என் ஒருத்திக்காக நடிக்கறார். வேற யாருக்கும் அதைச் செஞ்சு காட்டல." தெருவில் இறங்கிக் குடையை விரித்தாள். மழை இல்லை, வெயிலும் இல்லை.

மாடியில் அக்கா நிறைவு ஜெபம் செய்துகொண்டிருந்தாள். எங்களுக்கு உதவிய அந்தச் சகோதரிக்காகத் தோத்திரம் ஆண்டவரே என்றாள். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

வந்தவள் குடைதான் என்று வீட்டில் இவள் சொன்னபோது அக்கா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. பயந்தவர்களுக்கு வரும் கோபம்.

"அவதான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? மூஞ்சியைப் பார்த்திருக்கேனா? பேர் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த விதியை எதுக்குப் போட்டேன்? அவளை மாதிரிப் பிள்ளைங்களைக் காப்பாத்தத்தானே? ஒரு ஜாடை காட்டியிருந்தா நிறுத்தியிருப்பேனே. தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, ஏன் நின்னே?"

"இது அண்ணி கேக்கறீங்களா, அக்கா கேக்கறீங்களா?" என்றாள் இவள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அக்கா விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் விடுதிக்குப் போனாள். அக்காவுக்கு அதற்கான மனசு எப்போதும் உண்டு. மாலையில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "மன்னிச்சுட்டா. உக்கார வெச்சுப் பேசினா. டீ குடுத்தா. நல்ல பிள்ளை."

"எவ்வளவு நேரம் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

அக்கா முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் மனைவி குடைக்குப் பல தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. சலவைக்கடையில் அவர்கள் உட்காரும் நாளில் போய் உட்கார்ந்து பார்த்தாள். வீட்டில் என்னைக் கேட்டாள், பலமுறை, ஏதோ ஒரு வேலையின் நடுவில் தலையைத் தூக்கி: "நான் அன்னிக்கு எண்ணினேனா?" நான் அங்கே இல்லாதவன், எனக்கு எப்படித் தெரியும். "முதல்ல எண்ணல. அது நிச்சயம். அப்புறம், மெஷின் நிக்கற சமயத்துல, எண்ணினேனோன்னு இருக்கு. அக்கா முத்தம் குடுத்தப்புறம் எல்லாம் ஒண்ணாயிடுச்சு."

நான் பேசாமல் இருந்தேன். எனக்கு அதுதான் வரும். ஒருநாள் அவள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க இப்ப பேசாம இருக்கீங்களே, இது என்ன? தயவுசெஞ்சு ஏதாவது பேசுங்க. தப்பா இருந்தாலும் பரவாயில்ல." நான் வெளியில் குளிர் கூடிவிட்டது என்றோ என்னவோ சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அக்கா அந்த வருஷமே எங்கள் வீட்டிலிருந்து வேறு வீட்டுக்குக் குடிபோனாள். இப்போது மூன்று நகரங்களின் பயிற்சிக்கு அவள்தான் பொறுப்பு. நாற்காலிகள் இருக்கின்றன. மௌனத்தின் பாடத்தில் இறந்தது அப்பா, மறைப்பது அம்மா என்று மாற்றியிருப்பதாகப் பேங்க்காரர் சொன்னார். பேங்க்காரர் நல்ல ஊழியர் என்று பெயர் எடுத்துவிட்டார், பூனைக்காரன் கல்யாணத்துக்கு அவர்தான் சாட்சிக் கையெழுத்து போட்டார். நர்ஸ் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு மருத்துவமனைக்கே திரும்பிப் போய்விட்டாள். என் மனைவி ஊழியத்தை விட்டு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே நாள் முழுக்கப் பேசுகிறாள், வீட்டுக்கு வந்தால் பேசுவதில்லை. சர்ச்சுக்குப் போகிறாள், ஜெபக் குறிப்பு கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். குடைக்காரி பட்டம் வாங்கிக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னாளா என்று எங்களுக்குத் தெரியாது. நான் அதே கடையில் லென்ஸ் அறுக்கிறேன்.